அடைப்புக்குறிக்குள் போட்ட முதுமாணி

பிள்ளை,

என் அக்காவின், அதாவது உன் பெரிய மாமியின், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்குக் கல்வெட்டு அடிக்கிற பொறுப்பை நானாகத்தான் கேட்டு வாங்கினேன். மற்ற வேலைகளுக்கு முழங்கால் விடாது. இதென்றால் கதிரையில் இருந்துகொண்டு செய்யலாம். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் கையில் கொடுக்கிற, கல்வெட்டு என்கிற அந்தச் சின்ன நினைவுப் புத்தகத்தில் முன்பக்கம் அக்காவின் படம், பிறகு தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் வம்சாவளி. எங்கள் ஆட்கள் தேவாரத்தைத் தட்டிவிட்டு நேரே வம்சாவளிக்குத்தான் போவார்கள் என்பது உனக்கும் தெரியும். யாருடைய பிள்ளை டொக்டர், யாருடைய மருமகன் இஞ்சினியர், யார் கனடா, யார் சுவிஸ் என்று பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதைக் கண்ணாடி போட்டு வாசிப்பார்கள். அச்சகத்துப் பெடியன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஐயா, உங்கடை மகளுக்கு அடைப்புக்குறிக்குள்ளை என்ன போட?" என்று கேட்டான். உன்னைக் கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் கிடந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எம்.பி.ஏ. முடிச்சவள். வணிக நிர்வாக முதுமாணி எண்டு போடும். எழுத்தைக் கொஞ்சம் தடிப்பா, மொத்தமாப் போட ஏலுமோ?" என்றேன்.

மொத்தமாகவே போட்டான். அதுதான் வினை. பந்தியில் பாயாசம் வருகிற நேரம் கொமேர்ஸ் மாஸ்டர் இலைக்குப் பக்கத்தில் கல்வெட்டை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். மாமியின் புருஷன் வழிச் சொந்தம், ஊரில் பாதிப்பேருக்கு வணிகக் கல்வி படிப்பித்து ஓய்வுபெற்றவர், உனக்கும் படிப்பித்தவர். குத்தல் கதை கதைக்கிற மனுசன் இல்லை. உண்மையான சந்தோசத்தில்தான் கேட்டார்.

"தம்பி, பிள்ளை முதுமாணி முடிச்சிட்டாளோ? எனக்கொருத்தரும் சொல்லேல்லை. எந்தக் கம்பஸ்?"

"லண்டன், மாஸ்டர்."

"லண்டன் போனவளோ?"

"இல்லை, இஞ்சை பட்டணத்திலைதான். புடவைக்கடைக்கு மேல்மாடி."

பக்கத்து இலைக்காரர் இரண்டு பேர் வடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். மாஸ்டர் குரலைத் தணித்து, "அப்ப அங்கீகாரம் என்ன மாதிரி?" என்றார். நான் குரலைத் தணிக்கவில்லை.

"அது வடிவா இருக்கு மாஸ்டர். சேர்ட்டிபிக்கேற்றிலை பொன்னிறத்திலை முத்திரை. கையாலை தடவினால் மேடாத் தெரியும்."

"மாமா, உப்பிடி ஒரு முத்திரை என்ரை கலியாண அழைப்புக் காட்டிலையும் இருந்தது," என்றான் கனடாவிலிருந்து வந்திருந்த மாமியின் மூத்த மருமகன். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், எல்லோரையும் விடப் பலமாக, எதற்குச் சிரிக்கிறேன் என்று தெரியாமல். திரும்பினால் நீ பாயாச வாளியோடு பின்னால் நிற்கிறாய். எல்லாம் கேட்டிருக்கிறாய். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் மாஸ்டரிடம் குனிந்து, "சேர், இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டாய். அவர் வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட்டு வாங்கினார். சீனி வியாதிக்காரர், பாவம்.

ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதம் எழுதுகிற தகப்பனை நீ வேறெங்கும் கண்டிருக்க மாட்டாய். நான் கட்டி உனக்குச் சீதனமாய்த் தந்த வீட்டில், அம்மா போன பிறகு நானே வாடகையில்லாத குடித்தனக்காரன். காலையில் தேத்தண்ணி தருகிறாய், பின்னேரம் கதைக்கிறோம், மீன் விலை கதைக்கிறோம், டோகாவிலிருந்து உன் புருஷன் போன் எடுத்தால் அவனோடும் கதைக்கிறோம். இந்த விசயம் மட்டும் வாய்க்கு வருவதில்லை. சனசமூக நிலையத்துப் பெடியள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கரைச்சல் படுத்தினார்கள். ஓ.எல். வரைக்கும் படித்தவனிடம் கட்டுரை கேட்டால் இப்படித்தான் கிடைக்கும். உன் பெயரைப் போடவில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் உரும்பிராயில் எல்லோருக்கும் தெரியும், அது வேறு கதை.

அந்தியேட்டி முடிந்து வந்து நீ சேலை மாற்றாமலே குசினிக் கதிரையில் இருந்தாய். "அப்பா, நீங்கள் ஏன் உதைப் போட்டனீங்கள்?" என்று கேட்டாய். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் கோபப்பட்டுத் தப்பியிருப்பேன். நீ களைத்துப்போய்க் கேட்டாய். பிறகு சொன்னாய், பதவி உயர்வுக்கு நீ போட்ட விண்ணப்பத்துக்கு, மாமி சாவதற்கு முன்னமே உன் கொம்பனித் தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது என்று. "அந்தப் பிள்ளை நல்ல மரியாதையாத்தான் கதைச்சது அப்பா. 'மிஸ், நீங்கள் செய்த இது நாங்கள் ஏற்கிறதுக்குள்ளை வராது, முதல் டிகிரி எங்கை செய்தனீங்கள்' எண்டு கேட்டுது. முதல் டிகிரி இல்லை, வேலை அனுபவத்துக்கு நேராச் சேர்த்தவை எண்டன். லைன் அறுந்துபோச்செண்டு நினைச்சன்."

அப்போதுதான் நான் முன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்த சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்தேன். இத்தனை நாளும் அதில் பெரிய எழுத்தை மட்டும்தான் வாசித்திருக்கிறேன். நீ பார்த்துச் சேர்ந்த விளம்பரத்தில் எம்.பி.ஏ. என்ற மூன்றெழுத்துத்தான் இருந்தது. சேர்ட்டிபிக்கேற்றில் அந்த மூன்றெழுத்துக்கு முன்னால் ஒரு சொல், பின்னால் இரண்டு சொல். நீ விரலை வைத்து வைத்துத் தமிழில் சொன்னாய்: நிர்வாகிகளுக்கான, முதுமாணி மட்டத்திலான, விருது. பட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. விருது என்றால் ஊரில் பாட்டுப் போட்டிக்கும் கொடுக்கிறார்கள். நான் அதை வாய்விட்டுச் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

உனக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று எனக்கு விளங்காமல் இல்லை. ஏ.எல். எழுதின காலம் சண்டையில் பாதை பூட்டின காலம். விளக்கும் இல்லை, புத்தகமும் இல்லை, கம்பஸ் அனுமதிக்குக் கொஞ்சப் புள்ளியில் தவறிப்போனாய். பிறகு சுன்னாகத்து லீசிங் கொம்பனியில் வேலை, கலியாணம், பிள்ளை. அந்தக் கிளையில் நீ செய்யாத வேலையில்லை, கிளை மனேச்சர் கதிரையைத் தவிர. அதற்குப் பட்டம் வேண்டும் என்றார்கள். பட்டணத்தில் சனி, ஞாயிறு வகுப்பு, இரண்டே வருசம், முதல் டிகிரி தேவையில்லை என்று விளம்பரம் வந்தது. காசுக் கதையை விடுவோம். இரண்டு வருசத்துச் சனி, ஞாயிறைக் கொடுத்தாய், அதுதான் பெரிது. அந்த நாட்களில் பேத்தியை நான் பார்த்தேன், பிட்டும் அவித்தேன். அந்தப் பிட்டைப் பற்றி அவளிடம் கேட்காதே.

உன் வகுப்புக்காரரைப் பற்றி நீ வந்து சொல்லுகிற கதைக்காக நான் ஞாயிறு பின்னேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் தலைக்கு மை அடிக்கிற வயதுக்காரர். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், முன்வரிசை வாங்கில் இருந்து எல்லாவற்றையும் எழுதுவாராம். அண்ணை, உங்களுக்கேன் இந்தக் கஷ்டம் என்று நீ கேட்டதற்கு, "எனக்கு ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள் தங்கச்சி. மாப்பிள்ளை பகுதி வந்து தகப்பன் என்ன செய்யிறார் எண்டு கேட்டால், கோழி எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாராம். அவருடைய மூத்தவளின் கலியாணக் காட்டில் அந்த மூன்றெழுத்து வந்துவிட்டது. எந்தச் சம்பந்தியும் லண்டனுக்கு எழுதி விசாரிக்கப்போவதில்லை. அவருக்கு அந்தப் பெயரே காணும். மருந்துக்கடை வைத்திருக்கிற பெண்ணுக்கோ பெயரும் தேவையில்லை. தன் கடைக் கணக்கு விளங்கினவுடன் பாதியில் நின்றுவிட்டாள், இப்போது இரண்டாவது கடை போடுகிறாளாம். இரண்டு பேரும் ஏமாறவில்லை. உனக்குத்தான் ஒருவர் அந்தக் கடதாசியைக் கையில் வாங்கி, ஓம், இது செல்லும் என்று சொல்லவேண்டியிருந்தது. அதே படிப்பு, அதே மேல்மாடி, அதே முத்திரை. நீ படித்ததும் பொய்யில்லை. காசு வந்து போகிற கணக்கை வெங்காய அறுவடையை வைத்து எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினாயே, எனக்கே விளங்கியது என்றால் படிப்பித்தவர்கள் கெட்டிக்காரர்தான். "படிச்சதெல்லாம் தலைக்குள்ளை இருக்கப்பா. அதை ஒருத்தரும் திறந்து பாக்கமாட்டினம்," என்றாய்.

உனக்குச் சொல்லாமல் நான் அந்த மேல்மாடிக்குப் போனது இப்போதுதான் உனக்குத் தெரியவருகிறது. வேட்டி கட்டி, நல்ல சட்டை போட்டு, சண்டைக்கென்று போனேன். குளிரூட்டின அறை. கோட்டுப் போட்ட ஒரு இளம் பெடியன், அவர்தான் பொறுப்பாளராம், எழும்பி நின்று கும்பிட்டார். அதிலேயே என் சண்டை பாதி போய்விட்டது. பால் தேத்தண்ணி வந்தது. மீதியும் போய்விட்டது.

"அங்கிள், அங்கீகாரம் எண்டுறது கன வகை. இங்கிலாந்திலை எங்கடை ஆக்களுக்கு அது இருக்கு."

"அப்ப சுன்னாகத்திலை?"

"அது கொம்பனியின்ரை விருப்பத்தைப் பொறுத்தது அங்கிள். எல்லாக் கொம்பனியும் ஏற்குமெண்டு நாங்கள் எங்கையும் சொல்லேல்லையே."

"ஏற்காதெண்டும் சொல்லேல்லைத்தானே தம்பி."

"சர்வதேசத் தரம் எண்டு போட்டிருக்கு அங்கிள்," என்று விளம்பரத்தைத் தொட்டுக் காட்டினார். பிறகு அந்த நாட்டில் எந்தச் சபை எந்தச் சபையை ஏற்கிறது என்று ஒரு படம் கீறி விளங்கப்படுத்தினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அங்கிள் என்ன வேலை செய்தனீங்கள்?" என்று கேட்டார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் என்றேன். "பொதுச்சேவை. உங்களைப் போல ஆக்களுக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம், டொக்டரேற், எடுக்கலாம் தெரியுமோ? விழா வைச்சு, உடுப்பு, தொப்பி எல்லாம் போட்டு, படமும் எடுத்துத் தருவினம்." திட்டப்போன மனுசன் கையில் ஒரு வர்ணத் துண்டுப்பிரசுரத்தோடு படியிறங்கி வந்தேன். உண்மையைச் சொன்னால், பஸ்சில் கோண்டாவில் வரும்வரைக்கும் என் பெயருக்கு முன்னால் கலாநிதி என்று போட்டுப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பேத்தி அந்தப் பிரசுரத்தில் கப்பல் செய்தாள்.

ஆனபடியால் உன்னை நான் என்னவென்று குறை சொல்லுகிறது? சங்கக்கடை மனேச்சர் என்று அந்தப் பெடியனிடம் சொன்னேனே, அதையும் பார். என் நியமனக் கடிதத்தில் இருந்தது விற்பனையாளர். தராசுக்குப் பின்னால் நின்றவன் நான் ஒருவன்தான் என்பதால் ஊர் மனேச்சர் என்று கூப்பிட்டது. நான் திருத்தவில்லை. நாளடைவில் எனக்கே மறந்துபோனது. ஓய்வுபெற்று, சேமலாப நிதிக் காசுக்கு விண்ணப்பிக்கப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நெடுகத் தேடிவிட்டு, "உங்கடை பேரிலை மனேச்சர் ஒருத்தரும் இல்லை ஐயா. விற்பனையாளர் ஒருத்தர் இருக்கிறார்," என்றது. "அவரும் நான்தான் பிள்ளை," என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என் கடையில் அரிசி வாங்கினவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் வெட்கமாக இருந்தது. நீ பள்ளிக்கூடத்தில் மனேச்சற்றை மகள் என்றே வளர்ந்தாய். ஊருக்குள் அந்தப் பெயர் செல்லுபடியானது, அதை வைத்துக் கடன் தந்தார்கள், சபையில் கதிரை தந்தார்கள், உனக்கு மாப்பிள்ளையும் பேசினேன். உன் கொம்பனியின் கொம்பியூட்டர் எங்கள் சங்கக்கடைக்கு அரிசி வாங்க வந்ததில்லை, என்ன செய்கிறது?

இந்த மலரை வாசிக்கிற வேறு பிள்ளைகளும் இருக்கிறபடியால், எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதில் படிக்கப் போகிறவர்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை என்று நான் கன நாள் யோசித்தேன். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஆறுபேர் விசாரிப்பார்கள். உங்கள் வயதில் நீங்களே வீட்டுக்குப் பெரியவர். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும். அதோடு வேலை, பிள்ளை, சமையல் எல்லாம் முடித்து வருகிறவரிடம் ஒருவர் கெதியாக முடியும், சுகமாக முடியும் என்று சொன்னால், அந்தச் சொல் காதுக்குள் போகாது, நேரே முதுகுக்குள் போய் ஆறுதலாக இருக்கும். களைத்த ஆட்களைப் பார்த்துத்தான் அந்த விளம்பரம் எழுதுகிறார்கள். ஆகவே சேர முதலே, நீங்கள் வேலைசெய்கிற இடத்தில் இதை ஏற்பீர்களா என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். முந்தி முடித்த ஒருவரின் சேர்ட்டிபிக்கேற்றைக் கையில் வாங்கி, பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தை வாசியுங்கள். பட்டமோ, பட்டயமோ, விருதோ, அந்தச் சொல்லைப் பாருங்கள். யார் ஏற்கிறார்கள் என்று கேட்டால் எந்த நாட்டில் என்றும் சேர்த்துக் கேளுங்கள். கோழிப்பண்ணை அண்ணையைப் போலக் கலியாணக் காட்டுக்குத்தான் என்றால் இதெல்லாம் தேவையில்லை, சந்தோசமாகச் சேருங்கள். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்தால் காணும். முத்திரையைத் தடவிப் பார்க்கிற என்னைப் போன்ற ஆளைத் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

உன் கிளைக்கு மனேச்சராக வந்திருக்கிற பெடியன் உன்னை அக்கா என்று கூப்பிடுகிறானாம், தங்கமான பிள்ளையாம். அது இன்னும் கரைச்சல். கெட்டவனாக இருந்தால் வீட்டுக்கு வந்து ஏசியாவது ஆறலாம். போன மாதம் ஒருநாள் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நீ அடுப்படியில் நின்று, என்னைப் பார்க்காமல், கதையைத் தொடங்கினாய்.

"அப்பா, கம்பஸிலை வெளிவாரிக்கு, வேலை செய்துகொண்டு படிக்கிறதுக்கு, எடுக்கினம். முதலாம் வருசத்திலை இருந்து."

"முதுமாணியோ?"

"இல்லையப்பா. முதல் டிகிரி. வணிக முகாமைத்துவமாணி."

"அப்ப முதுமாணியிலை இருந்து இறங்கிறாய்."

"ஓம். இன்னும் இறங்கினால் நேர்சரி."

"இதை உன்ரை ஆக்கள் ஏற்பினமோ?"

"ஏற்பினம். இந்தமுறை எழுத்திலை வாங்கிட்டன்."

"வெளிவாரி எண்ட சொல்லு சேர்ட்டிபிக்கேற்றிலை வருமோ?"

நீ அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினாய். "அடைப்புக்குறிக்குள்ளை போடவோ கேக்கிறியள்?" என்றாய். சும்மா கேட்டேன் என்றேன். "போடலாமப்பா. அடுத்த கல்வெட்டிலை ஒரு பிழையுமில்லாமல் போடலாம்." சொன்ன பிறகுதான் உனக்கு விளங்கியது. வயதுக் கணக்கில் அடுத்த கல்வெட்டு யாருக்கு என்று எங்கள் குடும்பத்தில் ஒரு ஆளும் விரலை மடக்கிப் பார்க்கத் தேவையில்லை. நீ வாயைப் பொத்தினாய். நான், "அப்ப அச்சுப் புறூவ் பாக்க நான் இருக்கமாட்டன். மாஸ்டரைப் பிடி," என்றேன். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பேத்தி ஓடிவந்து என்ன, என்ன என்று கேட்டாள். அம்மா திரும்பப் படிக்கப் போறா என்றேன். "எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நீ கேட்டது ஒன்றுதான். சனி, ஞாயிறு இன்னும் நாலைந்து வருசத்துக்கு என்னால் ஏலுமா என்று கேட்டாய். எனக்கென்ன வேலை, நான் பாக்கிறன் என்று உடனே சொன்னேன். உடனே சொல்லாவிட்டால் நீ என் முகத்தைப் பார்த்திருப்பாய்.

இந்த மலர் அச்சாகி உன் கைக்கு வரும்போது முதலாம் வருசப் புத்தகங்கள் வந்திருக்கும், வகுப்பும் தொடங்கியிருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டு விலக வழியில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். எழுதினதற்காக நீ ஒரு சனிக்கிழமை கூட வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடக் கூடாது. அந்த மனேச்சர் கதிரை உனக்கு வரவேண்டும் என்று நான் விரும்புகிறேன். அதிலும் எனக்குச் சந்தேகமில்லை.

பதிகிற நாளன்று உன் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து, பத்திரப் பையை மடியில் அணைத்துக்கொண்டு நானும் வந்தேன். நீ வேண்டாம் என்றாய், நான்தான் வெளிக்கிட்டேன். கம்பஸ் வாசலில் பெடி பெட்டையள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள், எல்லோருக்கும் முதுகில் பை. காவலாளி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு உன்னிடம், "அக்கா, பதியிற பிள்ளை வரேல்லையோ? பிள்ளை கட்டாயம் வரோணும்," என்றார்.

"நான்தான் பதியிறன் அண்ணை," என்றாய்.

அவர் உன்னை ஒருக்கால், என்னை ஒருக்கால் பார்த்தார். "அப்ப ஐயா?"

"நான் பெற்றார்," என்றேன். அந்த மனுசனுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை, விட்டுவிட்டார்.

நீ தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் தந்தாய். நெற்றியில் அதன் கோடு பதிந்திருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, வாசல் படலைக்குள் ஸ்கூட்டியை நிற்பாட்டிய பிறகும், தலைக்கவசத்தைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் அதன் மேலேயே இருப்பாய். யாரும் பார்ப்பதில்லை என்று நினைக்கிறாய். குசினி யன்னலால் நான் பார்ப்பேன். பிறகு இறங்கி, சிரித்த முகத்தோடு, "என்னப்பா, தேத்தண்ணி குடிச்சியளோ?" என்று கேட்டுக்கொண்டு வருவாய். வாசலில் நின்ற அந்த நேரம் உன் முகம், ஸ்கூட்டியால் இறங்கிச் சிரிப்பதற்கு முந்தின அந்த முகமாகத்தான் இருந்தது. உள்ளே போகிற பிள்ளைகளைப் பார்த்தாய், கையில் இருந்த பையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, போகட்டோ?" என்றாய். வழி கேட்கிற மாதிரி இல்லை. சின்னப்பிள்ளையாக இருந்தபோது கேட்ட மாதிரியும் இல்லை. நான் என்ன சொல்லுகிறேனோ அதைத்தான் செய்வாய் என்று எனக்குத் தெரிந்தது.

"போ பிள்ளை, போ. நான் இந்த நிழலிலை நிக்கிறன்," என்றேன்.

எனக்கும் ஏலாமல் வருகுது, நீயும் களைச்சுப்போனாய், உள்ளை போகாதை, வா வீட்டை போவம் என்று நான் சொல்லவில்லை.